தெருவே மெக்கானிக்

மாடிப்படிக்கு அடியில் பல வருடம் சாக்கு போர்த்திக் கிடந்த புல்லட்டை வாசலுக்கு உருட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆவதற்குள் தெருவே மெக்கானிக் ஆகிவிடும். திருவொற்றியூரில் அந்தக் காலத்தில் இந்த வண்டியைக் கட்டியவர்களுக்குக்கூட இத்தனை யோசனை தோன்றியிருக்காது. "பிளக்கைக் கழற்றிச் சுடுங்க" என்பார் ஒருவர். "பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க" என்பார் எதிர்வீட்டு அண்ணன். பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சொன்னால் கழற்றவும் வேண்டுமே.

அப்புறம் சடங்கு. ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை நிதானமாக மிதித்து, டிகம்ப்ரஷனை அழுத்தி, கிக்கரைக் கொஞ்சம் இறக்கி, மேலே வரவிட்டு, ஒரே உதை. பக்குவம் தப்பினால் அதுவும் திருப்பி உதைக்கும். (இத்தனை வருடம் கவனிக்காமல் போட்டதற்கு அதன் பதில் என்றே எடுத்துக்கொள்ளலாம்.)

டப்டப் சத்தம் கேட்டதும் மாலை போட்டுவிடாதீர்கள். ஆர்.சி.க்கு ஆயுள் 15 வருடம். புதுப்பிக்கத் தகுதிச் சோதனை, பசுமை வரி, ஆர்.டி.ஓ. அலுவலக வரிசை. அந்த வரிசையை நகர்த்தக் கிக்கர் எந்தப் பக்கம் இருக்கிறதென்று எதிர்வீட்டு அண்ணனுக்கும் தெரியாது.