ஸ்தாவர சைக்கிள் விசாரம்

ஓரிடத்தை விட்டு நீங்குவதற்கும் மற்றோரிடத்தைச் சேர்வதற்கும் காரணமாவதே சலனம் என்று வைசேஷிகர் வகுத்த இலக்கணத்தை ஒப்புக்கொண்டால், டிசம்பர் கடைசியில், மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும் கிளாஸ்கோ நகரில், பின்சக்கரத்தை இரும்புத் தாங்கியில் பூட்டிய சைக்கிளின்மேல் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு முப்பது கிலோமீட்டர் சென்று வந்ததாகச் சொல்லும் மனிதர் அணுவளவும் அசையவில்லை என்றே தீர்ப்பளிக்க வேண்டும். ஆயினும் அவர் காலடியில் தேங்கிய வியர்வை எதிர்ச்சாட்சி சொல்வதால் இவ்விஷயம் பண்டிதர்களின் பரிசீலனைக்கு உரியதாகிறது.

சரித்திரத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் நிலைச் சைக்கிள்கள் இருந்தன. அவற்றின் எதிரே, மிதித்த தூரத்தைக் காட்டும் முட்களோடு ஒரு வட்டப் பலகையும் இருந்தது. மணிக்கு இருபது கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கப்பல் மேற்கு நோக்கி விரைந்தமையால், அதில் மிதித்தவர்கள் வைசேஷிகர் ஒப்பும்படி உண்மையாகவே இடம் பெயர்ந்தார்கள்.

இக்கலையில் இரண்டு சம்பிரதாயங்கள் உள. ரோலர் மதத்தார், பின்சக்கரத்தின் கீழ் இரண்டும் முன்சக்கரத்தின் கீழ் ஒன்றுமாக மூன்று உருளைகளை வைத்து, பின்னுருளையின் சுழற்சியை ஒரு பட்டையால் முன்னுருளைக்கும் கடத்தி, எதிலும் கட்டப்படாத சைக்கிளைச் சமநிலை ஒன்றையே துணையாகக் கொண்டு செலுத்துவர்; கைபேசி மணி கேட்டுத் தலையைத் திருப்பினால் போதும், வண்டி உருளையை விட்டு இறங்கி அலமாரியைச் சந்திக்கும். டர்போ மதத்தார் பின்சக்கரத்தைப் பூட்டி, காந்தத்தாலோ திரவத்தாலோ விசிறியாலோ அதற்குத் தடை உண்டாக்கிக்கொள்வர், அவர்கள் விழுவதில்லை. முன்னவர் பின்னவரை இகழ்வதற்கு அது ஒன்றே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இரு சாராரும் ஏகமனதாக அஞ்சுவது வெப்பத்தை. மனித தேகம் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே மிதிகட்டைக்குச் சேர்கிறது, எஞ்சியது உஷ்ணமாகிறது. இருநூறு வாட் வலுவில் மிதிப்பவர் அறைக்குள் அறுநூறு வாட் வெப்பத்தைக் கொட்டுகிறார். சாலையில் அதை அள்ளிக்கொண்டு போகும் எதிர்க்காற்று அறையில் இல்லாமையால், கோடை முழுவதும் எந்தக் காற்றைச் சபித்தாரோ அந்தக் காற்றையே மின்விசிறி உருவில் விலைகொடுத்து வாங்கி, முகத்துக்கு நேராக நிறுத்திக்கொள்கிறார். பிறகு மேடுகளும் வேண்டியிருக்கின்றன. 'ஜ்விஃப்ட்' என்னும் செயலியின் கற்பனைத் தீவாகிய வாடோபியாவில் மலை வந்தால், கணினி ஆணையிட, கருவி தானே இறுகிக் காலைப் பிடிக்கிறது. அதற்குச் சந்தாவும் கட்ட வேண்டும். அசையாதபடி பூட்டிய வண்டி சற்றே ஆடவேண்டும் என்பதற்காக, அடியில் வைக்கும் ஆடும் பலகையும் கடைகளில் கிடைக்கிறது. சாலை இலவசமாகத் தந்த துன்பங்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து மீட்பதே குளிர்காலப் பயிற்சியின் சாரம் என்பது இவ்வாராய்ச்சியின் சித்தாந்தம்.

இதனால் பயன் உண்டோ என்பது பூர்வபக்ஷம். 2016 பிப்ரவரியில் பந்தயத்தில் கை முறிந்த ஆஸ்திரேலியர் மாத்யூ ஹேமன், வீட்டுக்குள்ளேயே மிதித்துப் பழகி, அவ்வாண்டு ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கற்பாதைகளைக் கடந்து முதலாவதாக வந்தார். 2020-ல் முதன்முதல் நடந்த, இக்கருவிகளின்மேலேயே மிதிக்கும் உலக சைக்கிள் மின்-விளையாட்டுப் போட்டியில், ஆடவர் பட்டத்தை வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது படகு வலிப்பவர். இவற்றுக்குமேல் ஆட்சேபம் எழுப்புவோர் ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு எழுப்பலாம்.

தொடங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கருவியை வாங்குமுன் மின்விசிறியை வாங்குங்கள்; கைப்பிடியின்மேல் ஒரு துண்டைப் போடுங்கள், வியர்வையின் உப்பு திருகாணிகளை அரித்துவிடும்; கீழ்வீட்டில் குடியிருப்பவர் இருந்தால், கனமான விரிப்பு ஒன்றை விரித்துவிட்டு ஏறுங்கள்.