பால்வாடியைத் தாண்டிப் போவது எப்படி?

உங்கள் ஊர் சின்னது. கூப்பிடு தூரத்தில் ஒரு பால்வாடி இருக்கும். அதில் பிள்ளையைச் சேர்க்காமல் தப்பிக்கும் வழியைச் சொல்கிறேன். பாதி உங்களுக்கே தெரியும்.

1. 2 வயது முடிந்த பிள்ளையை அங்கே எந்த மாதமும் சேர்க்கலாம், காசு கிடையாது. இதுவே சந்தேகத்துக்குரியது. விண்ணப்பத்துக்கே பணம் வாங்கும் பள்ளியை டவுனில் தேடுங்கள்.

2. வயிற்றில் பிள்ளை இருந்தபோது சத்துமாவு வாங்கியது, பிறந்த பின் மாதாமாதம் எடை போட்டது எல்லாம் அங்கேதான். வெளியில் சொல்லாதீர்கள்.

3. ஒருநாள் உள்ளே எட்டிப் பாருங்கள், குறை கண்டுபிடிக்கத்தான். நாலு பிள்ளைகள் கட்டை அடுக்கும், ஒன்று களிமண் உருட்டும். பாடத்திட்டத்துக்கே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்றுதான் பெயர், கர்மம். "இன்னும் ஏ, பி, சி, டி எழுத வைக்கலையா?" என்று டீச்சரைக் கேளுங்கள். ஒரு கையில் எடை போட வேண்டிய பிள்ளை, மறு கையில் விவரம் ஏற்ற வேண்டிய செல்போன் என்று அவர் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். "முதல்ல விரல் பழகட்டும், பென்சில் அப்புறம்" என்பார். காதில் வாங்காதீர்கள்.

4. எல்கேஜிக்கு ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளை ஆகஸ்டா? கவலையே வேண்டாம், ப்ரீகேஜி இருக்கிறது. டை கட்டி, ஷூ மாட்டி, வாயில் அதக்கிய இட்லியோடு அப்படியே வேனில் ஏற்றுங்கள். முழுங்கிவிட்டதா என்று ஆயா பார்த்துக்கொள்வார்.

5. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் உண்டு. வீடு 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். டவுனில் சித்தப்பா எதற்கு இருக்கிறார்? ஆண்டு வருமானத்தை 2 லட்சத்துக்குக் கீழே இறக்குங்கள்; டிராக்டரைக் கொஞ்ச நாள் மச்சான் வீட்டில் நிறுத்துங்கள்.

6. "பால்வாடியில் எல்கேஜி இருந்தால் சேர்த்திருப்போம்" என்று சொல்லிப் பழகுங்கள். 2019-இல் அரசு 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜியைத் தொடங்கிவிட்டது. பதறாதீர்கள். "வேன் வருமா?" என்று கேளுங்கள்.

7. வாரம் 3 முட்டை போடுகிறார்கள். அது சின்ன முட்டை என்று டீக்கடையில் பேசுங்கள்.

8. வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறையும். பக்கத்து ஊர் மையத்தோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு வரும். இப்போதுதான் நீங்கள் களத்தில் இறங்க வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். ஊரையே திரட்டிக்கொண்டு போய், எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் என்று மனு கொடுங்கள். காலையிலேயே கிளம்ப வேண்டாம், வேன் போனபிறகு போதும்.