வெள்ளைச் சீருடையும் பச்சைக் கறையும்

விளையாட்டு வகுப்பு நாளில் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை என்று விதித்தவர் ஒருநாளும் துணி துவைத்திருக்க மாட்டார். புல்லின் பச்சையம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும், குணம் அப்படி. அதனால்தான் வாளி வாளியாக அலசினாலும் அசையாத முழங்கால் கறை, மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் இறங்கி வருகிறது. புல்லின் புரதமும் கூடவே ஒட்டியிருப்பதால், எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றுவது கறைக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதற்குச் சமம். வெள்ளை வெயிலை உறிஞ்சாதே என்பார்கள். சரி, வெளிர்பச்சை போட்டால் மட்டும் பிள்ளை கருகிவிடுமா? அழுக்கு கண்ணில் பட்டால்தான் சுத்தம் பழகும் என்றும் ஒரு வாதம். பழகுவது யார்? விழுந்தது பிள்ளை, தேய்ப்பது அம்மா. புல்லே முளைக்காத மைதானம் உள்ள பள்ளிகள் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். செம்மண்ணின் இரும்புக்கு ஸ்பிரிட்டும் பலிக்காது.