பத்துப் பொருத்தமும் ஒரு நிறமும்

பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று. நிறப் பொருத்தம்தான் பாக்கி. பத்திரிகையிலேயே போட்டுவிட்டோம்: முகூர்த்தத்துக்கு இளம் பிஸ்தா, ரிசப்ஷனுக்கு வெளிர் ரோஸ். காஞ்சிபுரத்தில் உடலை அரக்கிலும் கரையைப் பச்சையிலும் கோர்வை போட்டு நெய்கிறார்களே, என்ன அராஜகம்! அத்தை அந்தப் புடவையில்தான் வந்தார். கடைசி வரிசையில் உட்காரவைத்தோம். வாசல் வாழைமரம் கரும்பச்சையாக நின்றது. லேசாகச் சுண்ணாம்பு அடித்தோம். சாம்பார் தீமுக்கு ஒத்துவரவில்லை; இலையில் தயிர்சாதம் மட்டும். தாலிக்கயிற்று மஞ்சள்தான் கண்ணை உறுத்தியது; ஐயர் பிடிவாதக்காரர், விட்டுக்கொடுக்கவில்லை.

நேற்று ஆல்பம் வந்தது. கலைநயத்துக்காக முழுவதையும் கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறார் போட்டோக்காரர். அதில் அத்தை மட்டும்தான் பளிச்சென்று தெரிகிறார்.