டாங்கிக்கு எதுக்குடா இம்புட்டுத் துரு?

ஏண்டா பேராண்டி, நீ செஞ்ச டைகர் டாங்கியப் பாத்தேன். மூடியில துரு, கோபுரத்துல துரு, பீரங்கிக் குழல்லகூடத் துரு. தாராள மனசுடா ஒனக்கு! பெயிண்டுக் கடைக்காரன் ஒன்னைய நெனச்சுத்தான் தெனமும் வெளக்கேத்துவான்.

ஒரு சந்தேகம். இங்கிலாந்து போவிங்டன் மியூசியத்துல நிக்கிற 131-ஆம் நம்பர் டைகர், 1943 பிப்ரவரியில ஜெர்மனிப் பட்டறையவிட்டு வந்துச்சு. ஏப்ரல்ல துனிசியாவுல இங்கிலீசுக்காரன்ட்ட மாட்டிக்கிச்சு. ரெண்டு மூணு மாசத்துல இம்புட்டுத் துரு ஏறுமா? ஒன் டாங்கி சண்டைக்குப் போச்சா, முத்துக் குளிக்கப் போச்சா?

அப்பறம் அந்தப் பெயிண்டு உரிஞ்ச எடம். இது 35-ல ஒரு பங்கு மாடல். ஸ்பாஞ்சால நீ ஒத்தி வச்ச 1 மில்லிமீட்டர் புள்ளி, நெச டாங்கியில மூணரை சென்டிமீட்டர். அதுவும் யாரும் கால் வைக்காத பக்கச் சுவரு நடுவுல! அங்க என்ன, கொரங்கா தொங்குச்சு? சிப்பாயி பூட்சு மிதிக்கிற எடம், மூடி விளிம்பு, கைப்பிடி, மட்கார்டு ஓரம், இங்கதான் உரியும். உரிஞ்சதும் மொதல்ல தெரியிறது செவப்புப் பிரைமர். அதையும் தாண்டிச் சொரண்டினாத்தான் இரும்பு.

இப்பிடி உரிஞ்ச மாதிரி காட்டணும்னா, ஒங்கக்கா மேசையில ஹேர்ஸ்பிரே இருக்குல்ல, அதச் சுட்டுட்டு வா. மொதல்ல செவப்புப் பிரைமர அடி. லாக்கரா இருந்தாத் தண்ணிக்கு அசையாது. நல்லாக் காஞ்சதும் ஹேர்ஸ்பிரே ரெண்டு பூச்சு. அதுமேல அக்ரிலிக் கலரு, மெல்லிசா. எனாமல அடிச்சுட்டு, "தாத்தா, உரியமாட்டேங்குது"ன்னு எங்கிட்ட வந்து அழாத. தொட்டா ஒட்டாத பதம் வந்ததும், தண்ணி தொட்ட பழைய பிரஷ்ஷால மெள்ளத் தேய். உள்ள இருக்கிற ஹேர்ஸ்பிரே கரைய, மேல் கலரு சில்லு சில்லாப் பேந்து வரும். ரொம்ப நாளு காயவிட்டா அப்பறம் வராது.

துரு ஆசை அடங்கலயா? பின்னால ரெண்டு புகைபோக்கி இருக்கு, அங்க காட்டு ஒன் வீரத்த. சூட்டுல பெயிண்டு கருகி உதிர்ற எடம் அது. நம்ம டிராக்டர் சைலன்சரப் போயிப் பாரு, ஒரே நெறமாவா இருக்கு? ஒரு பக்கம் ஆரஞ்சு, மடிப்புல கருங்காவி, வாயில கரி. டிராக் செயின்ல மண்ணு தேய்க்கிற முகம் மட்டும் பளபளன்னு இருக்கணும், அங்கயும் காவியப் பூசித் தொலைக்காத.

மொதல்ல ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியில தேச்சுப் பழகு. ஒங்கக்கா ஹேர்ஸ்பிரேயத் தேடினா எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது, ஆமா!