சோடியம் விளக்கின் மஞ்சள்

மகளைப் பொறியியல் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் இரவு, போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, அறையில் கூட இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். "ஒருத்தி சென்னைப்பா, சிபிஎஸ்இ, பயங்கர இன்ட்ரோவர்ட். இன்னொருத்தி செவன் பாயின்ட் ஃபைவ்" என்றாள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியலில் 2021-லும் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏதோ ஓர் ஊரின் அரசுப் பள்ளிக்குப் போய்வந்த ஒரு பெண், அவள் அம்மா விடியற்காலையில் கட்டிக் கொடுத்த சோறு, கவுன்சிலிங் நாளில் அந்த வீடு இருந்த இருப்பு எல்லாம் ஒரு தசம எண்ணுக்குள் அடங்கிவிட்டன. மகளைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை. எனக்கும் மூன்று வருஷம் 'மிராசு' என்று பெயர் இருந்தது.

1984-இல் தகரப் பெட்டியும் சுருட்டிய ஜமுக்காளமுமாகத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு கலைக் கல்லூரியின் விடுதிக்கு நடந்துபோன அன்று ராத்திரி, மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் என்னை முக்காலியில் ஏற்றி நிறுத்தி, "எந்த ஊர்டா?" என்றார். தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடிப் பக்கம் என்றேன். நாகப்பட்டினமும் திருவாரூரும் பிரிந்து போகாத பெரிய ஜில்லா அப்போது. "அப்ப மிராசுதார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லு" என்றார், முடிந்தது. வெற்றிலை போடுவேன், பகலில் தூங்குவேன், வேலை என்றால் ஆள் வைப்பேன் என்று மறுநாள் காலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துபோயிற்று. அப்பா பயிர் செய்தது ஆறு மா குத்தகை நிலம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருஷங்களில் குத்தகை அளக்கவே நெல் பற்றாது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மிராசு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எல்லாருக்கும் அப்படி ஒன்று காத்திருந்தது. திருநெல்வேலி என்றால் அரிவாள், கோயம்புத்தூர் என்றால் குசும்பு, நாகர்கோவில் என்றால் பாதி மலையாளி, மெட்ராஸ் என்றால் பீட்டர். எங்கள் மாடியில் இருந்த திருநெல்வேலிக்காரன் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்கச் சொன்னால்கூட ஒதுங்கி நிற்பான். ஆனாலும் அவனோடு வாய்த்தகராறு வந்தால் எல்லாரும் ஓரடி தள்ளியே நின்றோம். பல வருஷம் கழித்து, நானே வாத்தியாராகிவிட்ட பிறகு, 1933-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கட்ஸ், பிரேலி என்ற இருவர் 100 மாணவர்களிடம் 84 குணச்சொற்களைக் கொடுத்து 10 இனத்தாருக்குப் பொருத்தச் சொன்ன ஆய்வைப் படித்தேன். துருக்கியர் ஒருவரோடு ஒரு வேளை காபி குடித்திருக்கவும் வாய்ப்பில்லாத அந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் துருக்கியருக்கு எடுத்துக் கொடுத்த சொல் 'கொடூரம்'. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பூசணிக்காய்க்கு ஒதுங்கிய அந்தத் திருநெல்வேலிக்காரனை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது பொன்மலையிலிருந்து சைக்கிளில் வருவானே, அவனைப் பற்றி. செம்பட்டை முடி, பூனைக் கண், ஆங்கிலோ இந்தியன். ஊரில் அவர்களுக்கு வழங்கிய பெயர் சட்டைக்காரர். எங்களுக்கு அவன் வெறும் 'சட்டை'. கிடார் வாசிப்பான், வீட்டில் எல்லாரும் குடிப்பார்கள், ஆடுவார்கள், சம்பாதித்ததை அன்றே செலவழிப்பார்கள், படித்தாலும் படிக்காவிட்டாலும் ரயில்வே வேலை வீடு தேடி வரும் என்று அவனைப் பற்றி நாங்கள் தெரிந்து வைத்திருந்தோம். எதையும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பட்டறை 1920-களின் கடைசியில் பொன்மலைக்கு வந்ததிலிருந்து அவன் தாத்தாவும் அப்பாவும் அங்கே இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் என்பதோ, காலை சங்கு ஊதியதும் அந்தக் காலனி முழுக்கச் சைக்கிள் ஏறிக் கிளம்பும் என்பதோ எங்களுக்குத் தேவைப்படவில்லை.

முதலாண்டு பௌதிகச் செய்முறையில் வரிசை எண்படி அவன் எனக்கு ஜோடியானான். ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்து முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டறை. சோடியம் விளக்கைப் போட்டால் உடனே வெளிச்சம் வந்துவிடாது; முதலில் ரோஜா நிறத்தில் மினுங்கும், உள்ளே சோடியம் சூடேறி ஆவியாக ஆகத்தான் மஞ்சள் ஏறும், அதற்குப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். இன்று அந்தப் பத்து நிமிஷம் யாரிடம் இருக்கிறது? எங்களிடம் இருந்தது, செய்ய வேறு ஒன்றுமில்லாததால் பேசினோம். நான் மனசுக்குள் ஒவ்வொரு வாக்கியமாகக் கட்டி, இலக்கணம் பார்த்து, அவனுக்காக ஆங்கிலத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா மிராசு, என்கிட்ட மட்டும் ஏன்டா இப்படி இங்கிலீஷ்ல கஷ்டப்படுறே? நான் பொன்மலைக்காரன்டா" என்றான்.

பொன்மலைச் சந்தையில் கறிகாய் பேரம் பேசி வளர்ந்த தமிழ். அதற்குள் விளக்கு மஞ்சளாகியிருந்தது. சோடியம் வெளிச்சத்துக்கு ஒரே நிறம்தான், மற்ற நிறமெல்லாம் அதில் செத்துப்போகும். என் நீலச் சட்டை கறுப்பாகவும் அவனுடைய சிவப்புச் சட்டை மங்கிய பழுப்பாகவும் தெரிந்தன. அவன் முடி செம்பட்டையாக இல்லை, கண்ணில் பூனை இல்லை. வெர்னியர் அளவுகோலில் கண்ணை வைத்து அவன் "முப்பத்தெட்டு டிகிரி, நாற்பது மினிட்" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். உனக்கென்னடா, ரயில்வே இருக்கு என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் கண்ணை எடுக்காமலே, ஆங்கிலோ இந்தியருக்கு ரயில்வேயில் இருந்த ஒதுக்கீடு அரசியல் சட்டம் பத்து வருஷத்துக்குக் கொடுத்தது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குறைந்து 1960-இலேயே முடிந்துவிட்டது, நான் பிறந்ததே 66-இல் என்றான். "முடிஞ்சது எங்க அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லலை போல." குரலில் வருத்தம்கூட இல்லை. பலமுறை சொல்லிச் சலித்த குரல். நான் அந்த அளவைத் தப்பாக எழுதி அடித்துத் திருத்தியது பதிவேட்டில் இன்னும் இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொன்மலையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஆட்டமும் இல்லை, கிடாரும் இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய மஞ்சள் சோறும், கறியை உருண்டை பிடித்துப் போட்ட குழம்பும் இருந்தன. ரோஸ் குக்கி என்று அவன் அம்மா தட்டில் வைத்ததைப் பார்த்ததும், எங்கள் வீட்டில் இதை அச்சு முறுக்கு என்போம் என்றேன். அந்த அம்மா எழுந்துபோய் அச்சை எடுத்துவந்து காட்டினார், எங்கள் பாட்டி வைத்திருந்த அதே இரும்புப் பூ. அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் அப்பாவுடையது ஆறு மா குத்தகை நிலம் என்று முதன்முதலாக அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் ஒருவரிடம் சொன்னேன்.

இப்போது அவன் பெர்த் நகரில் எலெக்ட்ரீசியன். புதிதாகப் பார்க்கிறவர்கள், இந்தியாவா, அப்படியென்றால் கம்ப்யூட்டர் வேலையா என்று கேட்கிறார்களாம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மனம் வரவில்லை. முக்காலியில் ஏற்றி நிறுத்தியதோடு விடாமல் அடித்தவர்களும் உண்டு; 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது நல்லதுக்குத்தான். ஆனால் அன்றைக்குப் பட்டம் சூட்டியவனும் சூட்டப்பட்டவனும் மூன்று வருஷம் ஒரே வாளியில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது, ஒரே ரேடியோவில் இலங்கை வானொலி கேட்க வேண்டியிருந்தது, மாசக் கடைசியில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு ஒருவன் சில்லறையில் இன்னொருவன் ஏற வேண்டியிருந்தது. உரசி உரசி அது தேய்ந்தது. இரண்டாம் வருஷத்தில் 'மிராசு' என்று கூப்பிடுகிறவர்களுக்கே அதன் பொருள் மறந்துபோயிருந்தது. என் மகளின் வகுப்புக்கோ கல்லூரி திறக்கும் முன்பே வாட்ஸப் குழு திறந்துவிட்டது. யார் எந்த ஒதுக்கீடு, யார் எந்தப் பள்ளி, யாருடைய இன்ஸ்டாகிராமில் தன் சுபாவத்தைச் சொல்லும் நான்கெழுத்து என்ன என்பதெல்லாம் முகம் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. பாதிப் பட்டங்களைப் பிள்ளைகளே தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். அறைக்கு மூன்று கட்டில், மூன்று போன், மூன்று ஜோடி காதொலிப்பான். உரச எதுவுமில்லை.

போன வாரம் மகள் சொன்னாள், லேபில் நம்பர் வரிசையில் அந்த செவன் பாயின்ட் ஃபைவ்தான் தனக்கு ஜோடி, ஸ்பெக்ட்ரோமீட்டர் அவளுக்கு நன்றாக வருகிறது என்று.

"அந்தப் பொண்ணு பேரு என்னம்மா?"

பதில் வரவில்லை. போன் காதிலிருந்து விலகுவதும், அவள் விரல் திரையில் எதையோ தேடுவதும் எனக்குத் தெரிந்தது. "இருப்பா, குரூப்ல பாத்துச் சொல்றேன்" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "வேணாம்பா, அவளையே கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.