கம்பித் தட்டுக்காரர்

நியூஜெர்சிக் கிரில்காரர் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே அன்று, கொல்லைப்புறத்தில் காட்சி தருவார். செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டேயோடு திருநடை சாத்தப்படும். நடுவில் உள்ள மூன்று மாதமும் அவர் சமைப்பதாக ஊரார் நம்புகிறார்கள். அது தவறு. அவர் கம்பித் தட்டைப் பராமரிக்கிறார். கோழி என்பது, தட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது அதன்மேல் வைக்கும் பொருள்.

தட்டை அவர் ‘கிரேட்ஸ்’ என்பார். ‘கம்பி வலை’ என்று சொல்லிவிட்ட விருந்தாளிக்குக் கால் மணி நேர விளக்கம் நிச்சயம். ‘சல்லடை’ என்ற மைத்துனருக்கு அரை மணி நேரம் கிடைத்தது.

கேஸ் கிரில்லோடு வரும் தட்டு பல நேரம் எனாமல் பூசிய வார்ப்பிரும்பு. எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதான். பாட்டி வீட்டுக் காப்பிக் குவளையின் ஒன்றுவிட்ட தம்பி. இடித்தால் சில்லு பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு நுழையும். இரும்புச் சுரண்டியால் சுரண்டக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. கிரில்காரர் கையேட்டைப் படிப்பது இரண்டாம் வருஷம்.

அடுத்து வெறும் வார்ப்பிரும்பு வாங்குவார். கனம் அதிகம், சூட்டை விடாது, கோழியில் கறுப்புக் கோடு அழகாக விழும். ஒரு ராத்திரி மழையில் விட்டால் காலையில் காவி பூசி நிற்கும். மூன்றாவது எவர்சில்வர். அதிலும் ரகம் உண்டு: சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்தது 304, நிக்கல் சேர்க்காதது 430. முன்னதில் காந்தம் அநேகமாக ஒட்டாது. பின்னதில் பச்சக்கென்று ஒட்டும், துருவும் சீக்கிரம் வரும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஃபிரிட்ஜ் கதவிலிருந்த மீனாட்சியம்மன் கோபுரக் காந்தம் அவர் சட்டைப்பைக்கு இடம் மாறிவிட்டது. கடைக்குக் கொண்டுபோவது சரி. அடுத்தவர் வீட்டு விருந்துக்கும் கொண்டுபோகிறார். அவர்கள் கிரில்லில் நைசாக வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அன்று முழுக்க அந்த வீட்டுக்காரரிடம் கனிவாகப் பேசுவார். கம்பியின் பருமன் எட்டில் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். மெலிந்ததெல்லாம் அவர் அகராதியில் சேமியா.

வாங்குவதாவது ஒரு நாளில் முடியும். வார்ப்பிரும்பைப் பழக்குவது முடிவதே இல்லை. கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவ வேண்டும். பிறகு, தடவவே இல்லையோ என்று சந்தேகம் வரும் அளவுக்குத் துடைத்து எடுக்க வேண்டும். மூடி போட்டுச் சூடேற்றினால் எண்ணெய் இறுகி, இரும்பைப் பிடித்த கறுப்புப் படலமாகும். கூடுதலாகத் தடவினால் பிசுபிசுக்கும். முதல் தடவை, எங்கேயோ வீடியோவில் பார்த்து, ஆளி விதை எண்ணெய் வாங்கி வந்தார். படலம் கண்ணாடி மாதிரி வந்தது. நாலாவது விருந்தில் செதில் செதிலாக உரிந்து கோழியில் ஒட்டியது. மிளகு என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, கனோலா எண்ணெயோடு முதலிலிருந்து தொடங்கினார்.

ஆறு மாதத்துக்கு வந்திருந்த அவர் அம்மா படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, தோசைக்கல்லு பழக்குறதுதானே இது? இதுக்கா ரெண்டு நாள் லீவு போட்ட? வெங்காயத்தைப் பாதியா அறுத்து எண்ணெயில தொட்டுத் தேய்டா.”

“அது வேறம்மா, உனக்குப் புரியாது.”

அடுத்த சனிக்கிழமை, அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தட்டைத் தேய்த்துக்கொண்டே, அர்ஜென்டினாவில் இப்படித்தான் செய்வார்கள் என்று விருந்தாளிகளுக்கு விளக்கினார். அர்ஜென்டினாவில் அப்படிச் செய்வது உண்மைதான்.

கம்பி பிரஷ் விஷயத்தில் மட்டும் அவரைக் கேலி செய்ய முடியாது. பிரஷ்ஷிலிருந்து உதிரும் முள் தட்டில் ஒட்டி, இறைச்சியோடு வயிற்றுக்குள் போகும். ரோட் ஐலண்டில் அப்படி விழுங்கி மருத்துவமனைக்கு வந்த ஆறு பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் அறிக்கை வெளியிட்டது. சிலருக்குத் தொண்டையில் குத்தியது, சிலருக்குக் குடலையே துளைத்தது. கிரில்காரர் மரச் சுரண்டிதான் வைத்திருக்கிறார். சூட்டில் கருகிக் கருகி, அவருடைய தட்டுக்கென்றே அளவெடுத்தாற்போல் அதன் விளிம்பில் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. அதை வேறு யாரும் தொடக் கூடாது.

விருந்துக்கு நாலு மணிக்கு வரச் சொல்வார். நாலரைக்குப் பற்றவைப்பார். மூடியைச் சாத்திப் பதினைந்து நிமிஷம் காய வைத்துச் சுரண்டினால் போதும். பழைய கரி சூட்டில் தானே உதிரும். அவருக்குப் போதாது. மூடியிலுள்ள வெப்பமானி காற்றின் சூட்டைத்தான் காட்டும் என்பதால், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தட்டின் நாலு மூலைக்கும் குறிபார்ப்பார். தண்ணீர் தெளித்துத் துளி உருண்டு ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடும். மறுபடியும் சுரண்டுவார். சைவக்காரர்களின் பனீருக்கும் குடைமிளகாய்க்கும் தனித் தட்டு. அதற்குத் தனிச் சுரண்டல். ஆறு மணிக்குக் குழந்தைகளுக்கு பீட்சா வரும். ஆறரைக்கு கேஸ் தீரும்.

கடைசியில் கோழி ஏறும். இறைச்சி முதலில் கம்பியைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் தானே விட்டுக்கொடுக்கும். கோடு விழுந்ததா என்று பார்க்கும் ஆசையில் அவர் மூன்றாம் நிமிஷமே புரட்டுவார். தோல் தட்டோடு போகும்.

“தயிர் ஜாஸ்தியாயிடுச்சு” என்பார், சமையலறை ஜன்னலைப் பார்த்து.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் காலை ஏழு மணிக்குப் பத்து ராத்தல் கோழியைக் கழுவி, கீறி, இஞ்சி பூண்டு அரைத்து, மசாலா தடவி வைத்தவர். தயிர்சாதமும் சாலடும் அவர் செய்தவைதான். ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் தேய்க்கப்போகிறவரும் அவரே. விடைபெறும் விருந்தாளிகள் கொல்லைப்புறத்துக்குப் போய், “சார், கிரில் பிரமாதம்” என்று கைகுலுக்குகிறார்கள். அவரும் குலுக்குகிறார். உள்ளே கைகாட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது வேடிக்கையில் சேராது.

அக்டோபரில் தட்டுகளுக்குக் கடைசி எண்ணெய். கிரில்லுக்கு உறை போட்டு வெளியே விட்டுவிடுவார். தட்டுகள் மட்டும் பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றி காரேஜுக்குப் போகும். ஜனவரியில் பனி தள்ளும் மண்வாரியை எடுக்க அங்கே போகிறவர், வேட்டி முடிச்சை அவிழ்த்து, கம்பி கம்பியாக விரலால் தடவி, மறுபடி முடிந்து வைத்துவிட்டு, மண்வாரி இல்லாமல் வீட்டுக்குள் வருவார்.